டப்ளினில் பழைய தெருப்பெயரை வைத்து முன்னோரைத் தேடிய முறை

என் கணவரின் கொள்ளுப்பாட்டியாருடைய பிறப்புச் சான்றிதழில் 'கிரேட் பிரன்ஸ்விக் தெரு, டப்ளின்' என்ற முகவரி இருந்தது; இன்றைய வரைபடத்தில் அப்படியொரு தெருவே இல்லை. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 அயர்லாந்து எழுச்சியின் தலைவர் பாட்ரிக் பியர்ஸ் பிறந்த அத்தெரு, நாடு விடுதலை பெற்ற பின் பியர்ஸ் தெரு ஆயிற்று. சாக்வில் தெருவும் இப்படித்தான் 1924-இல் ஓ'கானல் தெரு ஆனது.

1922-இல் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்து ஆவணக் காப்பகம் எரிந்துபோனதாலும், 1861 முதல் 1891 வரையிலான கணக்கெடுப்புகளை அதற்கு முன்பே அரசு அழித்துவிட்டதாலும், முழுமையாக எஞ்சியுள்ள மிகப் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1901-ஆம் ஆண்டினுடையதே. அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் அதை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. குடும்பப் பெயரைக் கொடுத்துத் தேடியபோது ஒன்றும் கிடைக்கவில்லை. ஆகவே பெயரை விட்டுவிட்டு, பழைய தெருப்பெயரின்கீழ் வீடு வீடாகப் படிவங்களைத் திறந்து படித்தேன்; ஐரிஷ் குடும்பப் பெயர்களில் வரும் முன்னொட்டான 'ஓ' இல்லாமல் எழுதப்பட்டிருந்த அக்குடும்பம், பல குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த ஒரு வாடகைக் கட்டடத்தில் ஒரே அறையில் குடியிருந்தது தெரியவந்தது.

ஆண்டுதோறும் வெளிவந்த தாம்ஸ் முகவரிக் கையேடு இத்தகைய கட்டடங்களில் வசித்தவர்களின் பெயர்களைத் தராமல், ஒண்டுக்குடித்தனம் என்ற பொருள்படும் ஒரே சொல்லோடு நிறுத்திவிடும். ஏழைகளைத் தேடுவோர் அதை அதிகம் நம்பக் கூடாது என்பது என் கருத்து. ஆயினும் குறுக்குத் தெருக்கள் எந்தெந்த எண்களுக்கிடையே வருகின்றன என்பதையும் அது குறிப்பதால், அந்த வீடு தெருவின் எப்பகுதியில் இருந்தது என்பதை அதைக் கொண்டே உறுதிசெய்தேன்.