தேய்க்காதீர்கள், முதலில் விளிம்பைப் பாருங்கள்

எங்கிருந்தோ கைமாறி வந்த ஒரு கனமான பதக்கமோ, ஏதோ சடங்குக்கு அணிந்தது போன்ற மாலையோ கிடைத்ததும் நம் கை முதலில் தேடுவது துணியையும் பாலிஷையும்தான். அந்தப் பொருள் என்ன, எங்கத்தியது என்று தெரியும் முன் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பள்ளங்களில் தங்கியிருக்கும் கறுப்புதான் பல சமயம் எழுத்தை எடுத்துக் காட்டும். நான் ஒருமுறை ஆசையாகத் தேய்த்த வெள்ளிப் பதக்கத்தின் பின்பக்கம் அரிசியளவுகூட இல்லாத மூன்று முத்திரைகள் வரிசையாக இருந்தன, தேய்த்து முடித்தபோது ஒன்று வழவழப்பாகிவிட்டது, அதை நினைத்தால் இன்றும் மனசு கேட்பதில்லை.

அடுத்த தவறு, முன்பக்கத்தை மட்டும் பார்ப்பது. பேசுவது விளிம்புதான். முதல் உலகப் போருக்கான பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தில் அதைப் பெற்ற வீரரின் எண், பெயர், படைப்பிரிவு எல்லாம் விளிம்பில்தான் பதிந்திருக்கும். பாரிஸ் நாணயச்சாலையின் பதக்கங்களில் 1880 முதல் விளிம்பில் குட்டியாக ஒரு கொம்பு, பழங்கள் நிறைந்த கொம்பு, பக்கத்தில் உலோகத்தின் பெயர். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, லென்ஸை வைத்து மெதுவாக ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள்.

அப்புறம் வருஷம். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஏமன், எத்தியோப்பியா பக்கத்துப் பழைய மாலைகளில் நடுவில் கோர்த்திருக்கும் பெரிய வெள்ளிக் காசில் 1780 என்று இருக்கும். அது ஆஸ்திரிய அரசி மரியா தெரேசாவின் பெயர் கொண்ட தாலர் காசு. அந்த அரசி இறந்த ஆண்டு 1780, ஆனால் அதே ஆண்டைப் போட்டே அதற்கப்புறமும் பல தலைமுறைகளாக அடித்துக்கொண்டே இருந்தார்கள். மாதாவின் உருவத்தைச் சுற்றி எழுத்தும் 1830 என்ற எண்ணும் உள்ள முட்டை வடிவப் பதக்கமும் இப்படித்தான், அது பாரிஸில் ஒரு கன்னியாஸ்திரி கண்ட காட்சியின் ஆண்டு, இன்று புதிதாகச் செய்யும் பதக்கத்திலும் அதே எண்தான் இருக்கும்.

புரியாத எழுத்துகளைப் பார்த்ததும் ரகசியச் சங்கம், மந்திரம் என்று ஓடுவதும் வேண்டாம். சிலுவை மேலும் அதைச் சுற்றியும் தனித்தனி எழுத்துகள் இருந்தால் பெரும்பாலும் அது புனித பெனடிக்ட் பதக்கம், எழுத்துகள் ஒரு லத்தீன் ஜெபத்தின் முதலெழுத்துகள், "விலகிப் போ சாத்தானே" என்ற வரியும் அதில் உண்டு. மூலைமட்டமும் கவராயமும் என்றால் ஃப்ரீமேசன்கள், மூன்று வளையச் சங்கிலி என்றால் ஆட் ஃபெலோஸ். இரண்டுமே பெயர் தெரிந்த சகோதரத்துவ அமைப்புகள், அவர்களின் கழுத்துப் பட்டியில் தொங்கும் சின்னம் அணிந்தவரின் பதவியைச் சொல்லும்.

வெள்ளி மாதிரி இருப்பதெல்லாம் வெள்ளி இல்லை. ஜெர்மன் சில்வரில் இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம். இ.பி.என்.எஸ். (EPNS) என்று பொறித்திருந்தால் அதன் மேல் வெறும் வெள்ளி முலாம். 925, 800 போன்ற எண் இருந்தால் ஆயிரத்தில் அத்தனை பங்கு வெள்ளி என்று கணக்கு.

மாலை முழுவதும் ஒரே காலத்தது என்றும் நினைக்காதீர்கள். ஜெர்மனியின் துப்பாக்கி சுடும் சங்கங்களில் 'ராஜா' பட்டம் வென்றவர்கள் ஆண்டுதோறும் ஒரு தகட்டைக் கோர்த்துக்கொண்டே போவார்கள், ஒரே சங்கிலியில் பல பெயர், பல ஆண்டு இருக்கும். சில சமயம் வியாபாரி வேறொரு சங்கிலியில் பதக்கத்தை மாட்டியிருப்பார், அதனால் கொக்கியையும் வளையத்தையும் தனியாகப் பாருங்கள். ரிப்பன் இருந்தால் கழற்றவே வேண்டாம், நிற வரிசைதான் அடையாளம்.

படத்தைப் போட்டுத் தேடினால் ஒரே வடிவம் உள்ள எல்லாமே வரும். படிக்க முடிந்த எழுத்தை அப்படியே தட்டித் தேடுவது எவ்வளவோ மேல். விவரம் தெரிந்தவரிடம் கேட்கும்போது இரண்டு பக்கம், விளிம்பு, கொக்கி, எடை, அகலம் எல்லாவற்றையும் கொடுங்கள், ஆனால் விற்றவர் சொன்ன கதையை அவர் தன் கருத்தைச் சொல்லி முடிக்கும்வரை சொல்லாதீர்கள்.