முதல் ஸ்பேனர் செட்: டூவீலருக்கு எதை வாங்குவது, எப்படிப் பிடிப்பது

டூவீலரை வீட்டிலேயே பார்த்துக்கொள்ள நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது, நூற்றுச் சொச்சம் பாகங்கள் அடுக்கிய ஒரு பிளாஸ்டிக் பெட்டியைத்தான். திறந்து எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் குட்டி குட்டி ஸ்க்ரூடிரைவர் முனைகள் இருக்கும். மீதியில் பல, உங்கள் வண்டியில் எந்த நட்டுக்கும் பொருந்தாத அளவுகள். தினமும் வேண்டிய 10, 12 மி.மீ. ஸ்பேனர்கள் ஆளுக்கு ஒன்றுதான், அதுவும் தளர்வாக. அந்தப் பணத்துக்கு நல்ல ஸ்பேனர் ஏழெட்டு வந்துவிடும், பதினைந்து வருடம் உழைக்கும்.

தளர்வு என்பது சின்ன விஷயம் இல்லை. நட்டுக்கும் ஸ்பேனருக்கும் நடுவே இடைவெளி இருந்தால், விசை நட்டின் பக்கவாட்டில் விழாமல் மூலையில் விழும். மூலை மழுங்கும். ஒருமுறை மழுங்கிய நட்டைச் சரியான ஸ்பேனரும் பிடிக்காது. உளியும் சுத்தியலும் எடுக்க வேண்டி வரும். புதியவர்கள் கெடுக்கும் வேலைகளில் பல இந்தக் காரணத்தால்தான் கெடுகின்றன. ஆகவே எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், பிடிப்பைப் பாருங்கள்.

எந்த அளவுகள் வேண்டும்

போல்ட்டின் மரை விட்டம் வேறு, தலையின் அளவு வேறு. ஸ்பேனரில் பொறித்திருப்பது தலையின் அளவு. ஹோண்டா, ஹீரோ, யமஹா, சுசுகி போன்ற ஜப்பானிய வழி வண்டிகளில் 6 மி.மீ. மரைக்குத் தலை 10 (சில இடங்களில் 8), 8 மி.மீ. மரைக்கு 12, 10 மி.மீ. மரைக்கு 14 என்று வரும். 17, 19 இரண்டும் ஆக்ஸில் (சக்கரத்தின் அச்சு), டிரெயின் போல்ட் (எஞ்சின் ஆயிலை வடிக்கும் போல்ட்) மாதிரியான பெரிய வேலைகளுக்கு. எனவே 8, 10, 12, 14, 17, 19 இருந்தால் வீட்டு வேலை முக்கால்வாசி முடியும்.

13 எதற்கு என்று கேட்கலாம். ஹார்டுவேர் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 8 மி.மீ. போல்ட்டுக்குத் தலை 13. கம்பெனி போல்ட் தொலைந்து யாரோ கடை போல்ட் போட்டிருந்தால், அந்த ஒரே இடத்தில் 12 ஏறாது, 14 ஆடும். பழைய வண்டி வாங்கியவர்கள் 13 ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் செட்டாக ஒரு பக்கம் ரிங், மறுபக்கம் வாய் உள்ள காம்பினேஷன் ஸ்பேனர்களை வாங்குவது நல்லது. இரண்டு பக்கமும் வாய் உள்ள செட்டில் 10–11, 12–13, 14–15 என்று ஜோடியாக வரும். விலை குறைவு, ஆனால் வாய் ஸ்பேனர் நட்டின் இரண்டு பக்கத்தை மட்டுமே பிடிக்கிறது. இறுகிய நட்டை முதலில் இளக்குவதற்கும், கடைசியாக இறுக்குவதற்கும் ரிங்தான். வாய்ப்பக்கம், இளகிய நட்டை வேகமாகச் சுற்றி எடுக்க. அந்த வாய் 15 டிகிரி சாய்ந்து இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இடுக்கான இடத்தில் ஒரு தடவை திருப்பிவிட்டு ஸ்பேனரைக் குப்புறப் புரட்டிப் போட்டால் அடுத்த பிடி கிடைக்கும். 30 டிகிரி அசைய இடம் இருந்தாலே போதும்.

அடுத்தது டி ஸ்பேனர், அதாவது ஆங்கில T வடிவப் பிடி உள்ளது. டூவீலர் பட்டறைக்குள் போனால் மெக்கானிக் கையில் எப்போதும் இருப்பது இதுதான். 8, 10, 12 மூன்று வாங்குங்கள். சைடு பேனல், டேங்க், எஞ்சின் கவர் எல்லாவற்றுக்கும் ரேச்சட்டைவிட (எடுத்து மாட்டாமலே முன்னும் பின்னும் ஆட்டித் திருப்பும் பல்சக்கரப் பிடி) இது வேகம்.

சாக்கெட் செட் (நட்டின் மேல் கிண்ணம்போல் மாட்டி, ரேச்சட்டால் திருப்புவது) வாங்கும் நாள் வந்தால், ரேச்சட்டில் சாக்கெட் மாட்டும் சதுரம் அரை இன்ச் வேண்டாம். 3/8 இன்ச், அதாவது மூணு நூல் கேளுங்கள். அரை இன்ச் கார் வீல் நட்டுக்கானது. அதன் நீளமான பிடி 6 மி.மீ. போல்ட்டை உங்களுக்குத் தெரியாமலே முறித்துவிடும். சாக்கெட் ஆறு மூலை உள்ளதாக இருக்கட்டும். பன்னிரண்டு மூலை மாட்டுவதற்குச் சுலபம், ஆனால் துருப்பிடித்த நட்டில் வழுக்கும். ரேச்சட்டில் பல் எத்தனை என்று கேளுங்கள்: 24 பல் என்றால் ஒவ்வொரு பிடிக்கும் 15 டிகிரி அசைய வேண்டும், 72 பல் என்றால் 5 டிகிரி போதும்.

இவற்றோடு ஒரு கட்டிங் பிளேயர், ஒரு நோஸ் பிளேயர், 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ, 16 மி.மீ. பிளக் ஸ்பேனர், ஃபில்லர் கேஜ் (சிறு இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), ஒரு பிளாஸ்டிக் சுத்தியல். பிளக் ஸ்பேனர் வாங்குமுன் உங்கள் பிளக்கைப் பாருங்கள், 10 மி.மீ. மரை உள்ள பிளக்குக்குத்தான் 16. 12 மி.மீ. மரை பிளக்குக்கு 18 வேண்டும்.

ஸ்டார் ஸ்க்ரூ: தனியாகச் சொல்ல வேண்டியது

பெரும்பாலோர் வீட்டில் இருப்பது 2-ம் நம்பர் ஸ்டார் டிரைவர். 5 மி.மீ. வரையான ஸ்க்ரூவுக்கு அது சரி. 6 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 3-ம் நம்பர் வேண்டும். 2-ஐ வைத்துத் திருப்பினால் முனை உள்ளே குழியில் அடிவரை உட்காராது, திருகும்போது மேலே எழும்பும், குழியின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டே வரும். மூன்று தடவை அப்படி எழும்பினால் குழி வட்டமாகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. ஜப்பானியத் தரத்தில் (சுருக்கமாக ஜே.ஐ.எஸ்.) வெட்டிய ஸ்டார் ஸ்க்ரூவும், பிலிப்ஸ் என்ற சாதாரண ஸ்டார் ஸ்க்ரூவும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், குழியின் வடிவம் சற்று வேறு. பிலிப்ஸ் முனை அதில் முழு ஆழத்துக்கு இறங்காது. ஸ்க்ரூவின் தலையில் ஒரு சிறு புள்ளி இருந்தால் அது ஜப்பானியத் தரம் என்று கொள்ளலாம். ஜே.ஐ.எஸ். என்று கேட்டு ஒரு டிரைவர் வாங்கி வைத்தால் கார்புரேட்டர் ஸ்க்ரூக்கள் பிழைக்கும்.

இறுகிப்போன ஸ்க்ரூவில் டிரைவரை வைத்து, பின்மண்டையில் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டிவிட்டு, பிறகு உடம்பின் பாரத்தை அமுக்கிக்கொண்டே திருப்புங்கள். அமுக்குவது முக்கால் பங்கு, திருப்புவது கால் பங்கு. அப்படியும் வரவில்லை என்றால் கையால் அடிக்கும் இம்பாக்ட் டிரைவர் வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் அது தானே கொஞ்சம் திரும்பும். சாதா டிரைவரின் முனை எழும்பத் தொடங்கியதும் நிறுத்திவிட்டு இம்பாக்ட் டிரைவரை எடுங்கள்.

கடையில் நின்று சோதிப்பது

சென்னையில் என்றால் பாரிமுனையைச் சுற்றியுள்ள ஹார்டுவேர் கடைகள், ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகள். மற்ற ஊர்களில் பட்டறைக்காரர்கள் எங்கே வாங்குகிறார்கள் என்று கேட்டுப் போங்கள். போகும்போது 10-ம் 12-ம் தலையுள்ள இரண்டு புதுப் போல்ட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பேனரை மாட்டி இடதும் வலதும் ஆட்டிப் பாருங்கள். மயிரிழை அசைவு இருக்கலாம். கண்ணுக்குத் தெரிகிற அளவு ஆடினால் வைத்துவிடுங்கள். குரோம் வெனேடியம் (ஒரு எஃகு வகை) என்ற பொறிப்பு இருக்கிறதா, அளவு எண் ஆழமாகப் பதிந்திருக்கிறதா, ரிங்கின் உள்விளிம்பில் முலாம் உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். டபாரியா போன்ற பெயருள்ள சரக்கு நீண்ட நாள் வரும். அந்தப் பெயருக்கே போலியும் வரும், ஆகவே பில் தரும் கடையில் வாங்குங்கள். செகண்ட் ஹேண்டில் ஸ்பேனர் வாங்கலாம், வாய் விரிந்திருக்காவிட்டால் போதும். ஜாக்கியையும் டார்க் ரெஞ்சையும் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளவு காட்டும் ரெஞ்ச்) மட்டும் பழையதாக வாங்க வேண்டாம்.

எவ்வளவு இறுக்குவது

புதியவர்கள் கழற்றுவதில் கெடுப்பதைவிட இறுக்குவதில் கெடுப்பது அதிகம். எஞ்சின் உறை அலுமினியம், போல்ட் இரும்பு. அளவுக்கு மேல் இறுக்கினால் முதலில் தோற்பது அலுமினியத்தில் வெட்டிய மரை.

இறுக்கும் திருப்புவிசைக்கு டார்க் என்று பெயர், அதை நியூட்டன் மீட்டரில் அளப்பார்கள். கையேட்டில் தனியாக எண் கொடுக்காத இடங்களில் பொதுவாகப் பின்பற்றும் அளவு: 6 மி.மீ. போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ.க்கு சுமார் 22, 10 மி.மீ.க்கு சுமார் 35. பழைய கையேடுகள் கிலோகிராம்-மீட்டரில் (kgf·m) சொல்லும், ஒன்றுக்கு 9.8 நியூட்டன் மீட்டர்.

இதைக் கையால் உணர ஒரு வழி உண்டு. நட்டின் நடுவிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, 10 கிலோ எடையைத் தூக்கும் அளவு இழுத்தால் அது கிட்டத்தட்ட 10 நியூட்டன் மீட்டர். அதே போல்ட்டில் 25 சென்டிமீட்டர் ரேச்சட்டை மாட்டினால் 4 கிலோ இழுப்பே போதும். ஒரு மார்க்கெட் பைக்குள் 4 கிலோ அரிசியைப் போட்டு ஒரு விரலால் தூக்கிப் பாருங்கள், எவ்வளவு குறைவு என்று புரியும். 6 மி.மீ. போல்ட்டை இறுக்கும்போது ஸ்பேனரின் நுனியைப் பிடிக்காமல் தலைக்கு அருகே பிடியுங்கள். எஞ்சினைப் பிரிக்கத் தொடங்கும்போது 5 முதல் 25 வரை காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று வேண்டும். அதை நட்டு கழற்றப் பயன்படுத்தக்கூடாது. வேலை முடிந்ததும் அளவுகோலின் மிகக் குறைந்த எண்ணுக்குத் திருப்பி வையுங்கள். கையேடு சொல்லாத இடத்தில் மரைக்கு எண்ணெய் பூசாதீர்கள். எண்ணெய் பட்ட மரை அதே டார்க்கில் அதிகமாக இறுகிவிடும்.

புது ஸ்பார்க் பிளக்கை விரலாலேயே கடைசி வரை ஏற்றி, வாஷர் தொட்டதும் ஸ்பேனரால் அரைச்சுற்று. பழைய பிளக்கை மறுபடி போட்டால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும். பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று போதும்.

டிரெயின் போல்ட்: ஒரு வேலையைக் கிட்டப் போய்ப் பார்ப்போம்

ஆயில் மாற்றுவது எல்லோரும் தொடங்கும் வேலை, அதிகமாக மரை போகும் இடமும் அதுதான். வண்டியைச் சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் நன்றாக வடியும். நெடுந்தூரம் ஓட்டிய சூட்டோடு திறந்தால் கை வெந்துவிடும்.

போல்ட் எஞ்சினுக்கு அடியில் தலைகீழாக இருக்கிறது. நீங்கள் மேலிருந்து எட்டிப் பார்க்கிறீர்கள். தலையை நேருக்கு நேர் பார்த்தால்தான் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால் கழலும். மேலிருந்து பார்க்கும்போது திசை மாறித் தெரியும். “வரவே மாட்டேங்குது” என்று பைப் போட்டு இறுக்கிக்கொண்டே போய் மரையை அழித்தவர்கள் ஏராளம். கன்னத்தைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போல்ட்டின் முகத்தைப் பார்த்துவிட்டு, ரிங் ஸ்பேனரை முழுவதும் ஏற்றி, பிறகு திருப்புங்கள்.

மறுபடி போடும்போது புது வாஷர். முதல் நான்கைந்து சுற்று விரலால்தான். விரலுக்கு வராமல் முரண்டு பிடித்தால் மரை கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம். போல்ட்டை மெதுவாகக் கழற்றும் பக்கம் சுற்றுங்கள்; ஓரிடத்தில் ‘டக்’ என்று சிறிதாக இறங்குவது விரலில் தெரியும். அங்கிருந்து முன்பக்கம் சுற்றினால் நேராக ஏறும். எந்தப் போல்ட்டுக்கும் இது பொருந்தும். மரை ஏற்கெனவே போயிருந்தால் டெஃப்லான் டேப் சுற்றிச் சமாளிக்காதீர்கள். ஒரு லேத் பட்டறையில் ஹெலிகாயில் (மரைக்குப் பதிலாக உள்ளே பொருத்தும் கம்பிச்சுருள்) போட்டால் பழைய அளவு போல்ட்டே பிடிக்கும்.

வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். காலி டப்பாவில் பிடித்துப் பட்டறையில் கொடுங்கள், கழிவு ஆயில் எடுப்பவர்கள் அங்கே வருவார்கள்.

விரலும் கண்ணும்

செயினைத் துடைக்கவோ எண்ணெய் போடவோ எஞ்சினை ஓட விடாதீர்கள். சென்டர் ஸ்டாண்டில் வண்டி, கியரில் எஞ்சின், கையில் துணி: துணியைச் செயின் கவ்வி ஸ்ப்ராக்கெட்டுக்குள் (செயின் ஓடும் பல்சக்கரம்) இழுக்கும், விரலும் கூடவே போகும். கையை உதறி எடுக்க நேரமே இருக்காது. சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, வீலைக் கையால் சுற்றி வேலை பாருங்கள். அப்போதும் துணி செயினின் கீழ்ப்பகுதியில், ஸ்ப்ராக்கெட்டை விட்டுத் தள்ளி இருக்கட்டும்.

பேட்டரி கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். வண்டியின் இரும்புச் சட்டம் முழுவதும் நெகட்டிவோடு இணைந்திருக்கிறது. நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவில் வைத்த ஸ்பேனர் சட்டத்தில் தொட்டால் ஷார்ட் ஆகிப் பொறி பறக்கும், ஸ்பேனர் பழுக்கும். மோதிரம், காப்பு, வாட்ச் எல்லாவற்றையும் முன்பே கழற்றி வையுங்கள்.

ஸ்பேனரைத் தள்ளாமல் உங்களை நோக்கி இழுங்கள். தள்ளும்போது நழுவினால் விரல் முட்டி நேராக எஞ்சின் துடுப்பில் (சூடு தணிக்கும் தகடுகள்) மோதும். தள்ளியே ஆக வேண்டுமென்றால் விரல்களை மடக்காமல், விரித்த உள்ளங்கையால் தள்ளுங்கள். ஸ்பேனர் முனையில் பைப் மாட்டி நீளம் கூட்ட வேண்டாம். துருப்பிடித்த நட்டுக்குத் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊற விடுங்கள், லேசாகத் தட்டுங்கள், மறுபடி ஊற விடுங்கள். யமஹாவின் வலப்பக்கக் கண்ணாடி மாதிரி எதிர்மரை (வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால் கழலும் மரை) உள்ள இடமா என்றும் ஒருமுறை யோசியுங்கள்.

சுத்தியல் எடுக்கும்போதும் கிரைண்டர் போடும்போதும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். குரோம் சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்தால் சில்லு தெறிக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போகும். கார்புரேட்டர் திறக்கும்போது பக்கத்தில் பூஜை விளக்கோ கேஸ் அடுப்போ இருக்கக்கூடாது. மூடிய பார்க்கிங்கில் எஞ்சினை ஓட விட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமே கிடையாது. தொங்கும் துப்பட்டா, லுங்கி, ஹெட்ஃபோன் ஒயர் வேண்டாம். காரிலும் கை வைக்கப் போகிறீர்கள் என்றால், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஆக்ஸில் ஸ்டாண்ட் (தூக்கிய காரைத் தாங்கும் இரும்புத் தாங்கி) இல்லாமல் தலை உள்ளே போகவே கூடாது.

வேலை முடிந்ததும் ஸ்பேனர்களைத் துணியால் துடைத்து, ஒரு சொட்டு எஞ்சின் ஆயிலை மேலே தடவி வையுங்கள். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று ஒரு மழைக்காலத்திலேயே துருவேற்றிவிடும். பெட்டியை மூடும் முன் எண்ணிப் பாருங்கள். 17-ம் 19-ம் குறைந்தால் வண்டியை எடுக்காதீர்கள், ஒன்று இன்னும் பின் ஆக்ஸில் நட்டில் தொங்கிக்கொண்டிருக்கும்.