பழைய நீராவிக் கப்பல் எஞ்சினைச் சூடேற்றுவது

1943-இல் கடலில் இறக்கிய ஜெரமையா ஓ'பிரையன் சரக்குக் கப்பலின் மும்மடி விரிவு எஞ்சின் (ஒரே நீராவி மூன்று சிலிண்டர்களில் அடுத்தடுத்து விரிந்து வேலை செய்வது) 2,500 குதிரைத்திறன் கொண்டது. இத்தகைய எஞ்சினின் ஆயுள், கிளம்புமுன் சூடேற்றும் பொறுமையில்தான் இருக்கிறது.

மூன்று சிலிண்டர்களின் வடிகால்களையும் முதலில் திறந்துவிடுங்கள். பிறகு நீராவியைக் கொஞ்சமாகக் கசிய விடுங்கள். குளிர்ந்த இரும்பில் பட்டதும் அது தண்ணீராகும். தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் அதில் மோதினால் சிலிண்டர் மூடியே பிளந்துபோகும். வடிகால் முதலில் தண்ணீரைத் துப்பும், பிறகு விட்டுவிட்டு இருமும்; உலர்ந்த சீறல் வரும்வரை காத்திருங்கள்.

இடையிடையே திருப்பு கியரால் (நீராவி இல்லாமல் எஞ்சினை மெல்லச் சுற்றும் பல்சக்கர அமைப்பு) எஞ்சினின் சுழல்தண்டைச் சுற்றுங்கள். ஓட்டுமுன் கியரைக் கழற்றியாயிற்றா என்று கண்ணால் பாருங்கள் (மறந்தால் பல்சக்கரம் போச்சு). பின், நீராவியால் எஞ்சினை முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்துப் பார்த்து, சில சுற்றுகள் ஓடிய பிறகே வடிகால்களை மூடுங்கள்.