ஜாவா வலை ஃபிரேம்வொர்க்கையும் மாட்யூல் கருவியையும் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஜாவாவில் வலைச் செயலி எழுத உட்காரும் நிரலாளர் முதல் நாளே சலித்துப்போவதற்குக் காரணம் தேர்வுகளின் பஞ்சம் அன்று, மிகுதிதான். ஸ்பிரிங் பூட், குவார்க்கஸ், மைக்ரோனாட், வாடின், விக்கெட், ஜே.எஸ்.எஃப். என நீளும் ஃபிரேம்வொர்க்குகளின் (செயலிக்கு ஆயத்த அடித்தளம் தரும் தொகுப்புகளின்) பட்டியலை ஒப்பிடும் அட்டவணைகள் வசதிகளை எண்ணிக் காட்டுகின்றன. சில ஆண்டுகள் கழித்து அந்த ஃபிரேம்வொர்க்கைவிட்டு வெளியேற எவ்வளவு உழைப்பு வேண்டியிருக்கும் என்பதை அவை சொல்வதில்லை. முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பது என் கருத்து.

பழைய வலை ஃபிரேம்வொர்க்கான ஸ்ட்ரட்ஸ் 1-க்கான ஆதரவு 2013-இல் முடிந்தபோது, வணிக விதிகளை, வலைக் கோரிக்கைகளைக் கையாளும் அதன் ஆக்‌ஷன் கிளாஸ்களுக்குள்ளேயே எழுதிவைத்திருந்தவர்களுக்கு ஏறக்குறைய எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டிய நிலை வந்தது. நிறுவனச் செயலிகளுக்கான ஜாவா வரையறைத் தொகுப்பாக 2020-இல் வெளியான ஜகார்த்தா இ.இ. 9, ‘ஜாவாக்ஸ்’ எனத் தொடங்கிய அதன் பேக்கேஜ் (கிளாஸ்களின் தொகுதி) பெயர்களை ‘ஜகார்த்தா’ என்று மாற்றியது. 2022 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் 3 அந்தப் பெயர்களையே ஏற்றதோடு, குறைந்தது ஜாவா 17 வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது. பெயர் மாற்றம்தானே என்று தோன்றும். ஆனால் பழைய பெயரையே நம்பியிருக்கும் ஒரே ஒரு லைப்ரரி போதும், மொத்த மேம்படுத்தலும் நின்றுவிடும். ஆகவே கணக்கிடுதல், சரிபார்த்தல் போன்ற விதிகளை ஃபிரேம்வொர்க்கின் இம்போர்ட் வரி எதுவும் இல்லாத வெறும் ஜாவா கிளாஸ்களில் எழுதுங்கள். அப்படி எழுத விடாத ஃபிரேம்வொர்க்கைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

எஞ்சிய இரண்டு மூன்றை ‘ஹலோ வேர்ல்டு’ எழுதிச் சோதிக்காதீர்கள். அதில் எல்லா ஃபிரேம்வொர்க்கும் அழகாகவே இருக்கும். உங்கள் செயலியில் மிகவும் சிக்கலான திரையை எடுத்துக்கொள்ளுங்கள்: வரிசைகளைச் சேர்க்கவும் நீக்கவும் கூடிய படிவம், அதில் ஒரு கோப்புப் பதிவேற்றம், பிழை வந்தால் பயனர் தட்டியவை அழியாமல் திரும்பத் தோன்ற வேண்டும் என்ற தேவை. அதே படிவத்தை இரண்டு டேப்களில் திறந்து மாறி மாறிச் சமர்ப்பியுங்கள். பின்செல்லும் பொத்தானை அழுத்துங்கள். செஷன் காலாவதியாகும்வரை காத்திருந்து மீண்டும் சமர்ப்பியுங்கள். திரையின் நிலையைச் சர்வரில் வைத்துக்கொள்ளும் ஜே.எஸ்.எஃப்., விக்கெட் போன்றவை எங்கே இடறும் என்பது இந்த மூன்றாவது சோதனையில்தான் தெரியவரும். பிறகு வேண்டுமென்றே ஒரு புலத்தின் பெயரைத் தவறாக எழுதி, பிழைச் செய்தியில் உங்கள் கோப்பின் பெயர் எத்தனையாவது வரியில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். நள்ளிரவில் பழுது பார்ப்பவருக்கு அந்த எண்ணிக்கை எந்த வேக ஒப்பீட்டையும்விடப் பயன்படும்.

மாட்யூல், அதாவது செயலியைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கும் விஷயத்தில் குழப்பம் வருவது, இரண்டு வேறு தேவைகளை ஒன்றாக எண்ணுவதால். குழுவில் ஒருவர் மற்றவருடைய பகுதிக்குள் கைவைக்காமல் தடுப்பதே நோக்கம் என்றால், மேவன் அல்லது கிரேடில் என்ற பில்டு கருவியில் பல மாட்யூல்களாகப் பிரித்தாலே பெரும்பாலும் போதும். மாட்யூல்கள் சுற்றிச் சுற்றி ஒன்றையொன்று சார்ந்தால் மேவன் பில்டையே மறுத்துவிடும். ஒரே மாட்யூலுக்குள் எல்லை வகுக்க எந்தக் கிளாஸ் எதைச் சார்கிறது என்று சரிபார்க்கும் ஆர்க்யூனிட் கொண்டு ஒரு சோதனை எழுதிக்கொள்ளலாம்.

செயலி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பகுதியைக் கழற்றி வேறொன்றை மாட்ட வேண்டும் என்றால் மட்டுமே ஓ.எஸ்.ஜி.ஐ. என்ற மாட்யூல் முறையின் பக்கம் போங்கள். நிரலெழுதும் கருவியான எக்லிப்ஸ் 2004-இல் தன் 3.0 பதிப்பிலிருந்து அதன்மேல்தான் நிற்கிறது என்பதால் அதன் திறனில் ஐயமில்லை, அதற்குக் கொடுக்க வேண்டிய உழைப்புதான் அதிகம். அதன் ஒவ்வொரு பண்டிலுக்கும் (மாட்யூலுக்கும்) கிளாஸ்களை ஏற்றும் தனிக் கிளாஸ்லோடர் உண்டு. கிளாஸ் அடங்கிய ஜார் கோப்பு கண்முன்னே இருந்தும் ‘கிளாஸ் கிடைக்கவில்லை’ என்ற பிழையோடு நான் மூன்று நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன். அந்தக் கிளாஸின் பெயர் ஓர் எக்ஸ்.எம்.எல். அமைப்புக் கோப்பில் வெறும் எழுத்துச்சரமாக இருந்தது. பைட்கோடைப் படித்து இம்போர்ட் பட்டியலைத் தயாரிக்கும் கருவிக்கு அது தென்படவே இல்லை. ஒரு பேக்கேஜ் பெயரைக் கையால் சேர்த்ததும் எல்லாம் ஓடியது.

ஜாவா 9-உடன் 2017 செப்டம்பரில் வந்த மாட்யூல் முறை ஓ.எஸ்.ஜி.ஐ.க்கு மாற்று அன்று. பதிப்புத் தேர்வு அதன் வேலையே இல்லை. ஒரே பேக்கேஜ் இரண்டு மாட்யூல்களில் இருந்தால் அது ஏற்காது. தரவுத்தள லைப்ரரியான ஹைபர்னேட் போல, ஓடும்போதே கிளாஸ்களின் உள்ளே பார்க்கும் ரிஃப்ளெக்‌ஷனை நம்பும் லைப்ரரிகளுக்குப் பேக்கேஜ்களைத் தனியே திறந்துவிடவும் வேண்டும். சாதாரண வலைச் செயலிக்கு இதை ஒத்திப்போடுவதில் தவறில்லை. லைப்ரரி எழுதுபவர் மட்டும் ஜார் கோப்பின் விவரப் பட்டியலான மேனிஃபெஸ்டில் மாட்யூல் பெயரையாவது குறித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஜார் கோப்பின் பெயரிலிருந்தே அது ஊகிக்கப்படும்.

எதைத் தேர்ந்தாலும், முதல் வாரத்திலேயே செயலி நம்பியிருக்கும் லைப்ரரிகளைக் காட்டும் சார்புகளின் மரத்தை அச்சிட்டுப் படியுங்கள். ஒரே லைப்ரரியின் இரு பதிப்புகள் மோதினால், மேவன் மரத்தில் உங்களுக்கு அருகில் உள்ளதை எடுக்கும், அது பழையதாக இருந்தாலும். கிரேடில் வழக்கமாக உயர்ந்த பதிப்பை எடுக்கும். கம்பைல் ஆன நிரல் ஓடும்போது ‘அப்படி ஒரு மெத்தட் இல்லை’ என்று விழுந்தால், முதலில் இந்த மரத்தைப் பாருங்கள். மேவனில், வேண்டிய பதிப்பை மேல்நிலை பாம் (pom.xml) கோப்பின் சார்பு மேலாண்மைப் பகுதியில் ஒரே இடத்தில் நிலைநிறுத்துங்கள்.