சார்ட் கணக்கில் வேலை: ஒப்பந்த மெடிக்கல் கோடருக்கான வழிகாட்டி

அமெரிக்காவில் ஒரு டாக்டர் எழுதிய நோயாளிக் குறிப்பை (சார்ட்) சென்னையிலோ திருச்சியிலோ உட்கார்ந்து படித்து, நோய்க்கு ஐசிடி-10-சிஎம் கோடும் சிகிச்சைக்கு சிபிடி கோடும் போட்டு இன்சூரன்ஸ் கிளெய்முக்கு அனுப்புவதுதான் வேலை. கம்பெனி ஊழியராகச் செய்தாலும் ஒப்பந்தத்தில் செய்தாலும் கோடு ஒன்றுதான். வித்தியாசமெல்லாம் பணத்தில். எது தப்பு, அதை யார் முடிவு செய்வது, திருத்தும் நேரத்துக்குக் காசு உண்டா என்பதையெல்லாம் முதலிலேயே பேசிக்கொள்ளாமல், நல்ல வேகமுள்ள கோடர்கள்கூட இதில் கோட்டை விடுகிறார்கள்.

யார் இறங்கலாம்

மெடிக்கல் கோடருக்கான சிபிசி சான்றிதழ்த் தேர்வில் 100 கேள்விகள், 4 மணி நேரம், தேர்ச்சிக்கு 70%. அனுபவம் இல்லாமல் பாஸ் செய்தால் கிடைப்பது சிபிசி-ஏ, அதாவது அப்ரன்டிஸ். அந்த ‘ஏ’ ஒட்டிக்கொண்டிருக்கும்வரை ஒப்பந்த வேலைக்கு அலைய வேண்டாம். ஒரு கம்பெனியில் சேர்ந்து, ஒரே ஸ்பெஷாலிட்டியில் இரண்டு வருடம், போட்ட கோடுகளைச் சரிபார்க்கும் ஆடிட்டரிடம் திட்டு வாங்கிவிட்டு வருவதே நல்லது. வீட்டில் தனியாக வேலை செய்பவருக்குப் பக்கத்து சீட்டில் கேட்க ஆள் கிடையாது. சான்றிதழ் கையில் வந்த பிறகும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 36 சிஇயு (தொடர்கல்விப் புள்ளி) சேர்த்தால்தான் அது உயிரோடு இருக்கும். ஒப்பந்தத்தில் இருப்பவர் அந்தச் செலவையும் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒப்பந்தக்காரரை அதிகம் எடுப்பது ரிஸ்க் அட்ஜஸ்ட்மென்ட் எனப்படும் எச்சிசி கோடிங்கில், அதாவது நோயாளியின் நோய்களை வைத்துத் திட்டத்துக்கு வரும் பணத்தைக் கணக்கிடும் வகையில். மெடிகேர் (முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு) சலுகைகளைத் தனியார் கம்பெனிகள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்கள் கெடு தேதிக்குள் பழைய சார்ட்டுகளை அலசியாக வேண்டியிருப்பதால் சில மாதங்கள் ஆள் போதாமல் தவிப்பார்கள், பிறகு திடீரென வேலை வற்றிவிடும். வருடம் முழுக்க வருமானம் வேண்டுமென்றால் எச்சிசியோடு ஈ அண்டு எம் (டாக்டர் விசிட்டுக்கான கோடிங்), எமர்ஜென்சி, ரேடியாலஜி இவற்றில் ஒன்றாவது கையில் இருக்க வேண்டும்.

வேலைக்கு முன்னால் ‘டெபாசிட்’ கேட்பவரை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். சார்ட் கொடுப்பவர் கோடரிடம் பணம் வாங்கும் வழக்கம் இந்தத் தொழிலில் இல்லை.

கையெழுத்துக்கு முன்

முதல் கேள்வி, ‘ஒரு சார்ட்’ என்றால் என்ன? எச்சிசியில் ஒரு சார்ட் 15 பக்கமாகவும் இருக்கும், 800 பக்கமாகவும் இருக்கும். இரண்டுக்கும் ஒரே ரேட் என்று ஒப்புக்கொண்டால் முதல் வாரத்திலேயே கை கடிக்கும். 100 பக்கம் வரை ஒரு ரேட், அதற்கு மேல் ஒவ்வொரு 100 பக்கத்துக்கும் கூடுதல் என்று அடுக்கடுக்காக எழுதி வாங்குங்கள். அதற்கு மசியாவிட்டால் மணிக்கணக்கு ரேட் கேளுங்கள். படித்துப் பார்த்தும் போட ஒரு கோடுகூட இல்லாத சார்ட்டுக்கும் காசு உண்டு என்பது தனி வரியாக இருக்கட்டும். அதற்கும் கண் நோகத்தானே படித்தீர்கள்.

இரண்டாவது, 95% அக்யூரசி என்றால் எதில் 95%? 50 சார்ட் ஆடிட் ஆகிறது, அவற்றில் மொத்தம் 400 கோடுகள், 8 சார்ட்டில் தலா ஒரு தப்பு என்று வைத்துக்கொள்வோம். கோடு கணக்கில் பார்த்தால் 392/400, அதாவது 98%. சார்ட் கணக்கில் 42/50, அதாவது 84%. வேலை அதேதான். முதல் கணக்கில் முழுப் பணமும் வரும், இரண்டாவதில் பிடித்தம் விழும். எந்த முறை, எத்தனை சார்ட் சாம்பிள், கூடுதலாகப் போட்ட கோடும் விட்டுப்போன கோடும் ஒரே எடையா என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே வேண்டும்.

மூன்றாவது, ரிபட்டல். ஆடிட்டர் சொன்னதை மறுக்க எத்தனை மணி நேரம் அவகாசம், மறுப்பு ஏற்கப்பட்டால் மதிப்பெண் திருத்தப்படுமா, எத்தனை நாளுக்குப் பிறகு பழைய சார்ட்டைத் தோண்டிப் பிடித்தம் செய்யக்கூடாது. கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. கேட்டு எழுதி வாங்காவிட்டால், போன வருடச் சார்ட்டைக் காட்டி இந்த மாத பில்லைக் குறைக்க வழி திறந்தே கிடக்கும்.

நான்காவது, டர்ன் அரவுண்டு, அதாவது வேலையை முடித்துத் தரும் கெடு. அந்தக் கடிகாரம் எந்த ஊருடையது? ‘24 மணி நேரம்’ என்றால் ஃபைல் ஒதுக்கிய நேரத்திலிருந்தா, அமெரிக்கக் கிழக்கு நேர நள்ளிரவு வரையா? அந்த நள்ளிரவு நமக்குக் கோடையில் காலை 9.30, நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பிறகு 10.30. மார்ச் இரண்டாம் ஞாயிறு திரும்பவும் 9.30 ஆகிவிடும். அந்த ஒரு மணி நேரத்தை மறந்து கெடு தவறவிடுவது வருடா வருடம் நடக்கிறது.

பயிற்சி நேரம், சிஸ்டம் படுத்துக்கொண்ட நேரம், கோடு தேடும் மென்பொருளான என்கோடரின் லைசென்ஸ் செலவு இவை யார் தலையில் என்பதையும் கேட்டுவிடுங்கள். ரேட்டைப் பேசும்போது மனதில் போட வேண்டிய கணக்கு இப்படி: சார்ட்டுக்கு 40 ரூபாய், மணிக்கு 8 சார்ட் என்று வைத்தால், 8 மணி நேரத்தில் 64 சார்ட், 2,560 ரூபாய். மணிக்கு 320 என்று தோன்றும். லாகின், மெயில், ரிபட்டல் எல்லாம் சேர்ந்து தினமும் ஒன்றரை மணி நேரம் போகிறதென்றால், உண்மையில் மணிக்கு 270 ரூபாய்கூடத் தேறாது. இதில் பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, சம்பளத்தோடு லீவும் இல்லை.

நோயாளி விவரம்

நோயாளி விவரத்தைக் காக்கும் அமெரிக்காவின் ஹிப்பா சட்டம் கடல் தாண்டியும் ஒப்பந்தம் வழியாக உங்களைக் கட்டும். அமெரிக்காவுக்கு வெளியே சார்ட்டைத் திறக்கவே கூடாது என்று சொல்லும் திட்டங்களும் உண்டு. அதனால் ‘ஆஃப்ஷோர் அனுமதி இருக்கிறதா’ என்று எழுத்தில் கேளுங்கள். இருக்கும் இடத்தை மறைத்து விபிஎன் வழியாக நுழையச் சொல்பவரிடம் வேலை எடுக்காதீர்கள்.

நண்பருக்குப் பாதி சார்ட் பிரித்துக் கொடுப்பது, சந்தேகமான பக்கத்தை போனில் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் கேட்பது, குறிப்பை இலவச ஏஐ சாட்டில் ஒட்டுவது மூன்றுமே விவரக் கசிவுதான். சந்தேகம் கேட்டே ஆக வேண்டுமென்றால், பெயர், தேதி, மருத்துவமனை எதுவும் இல்லாமல் உங்கள் வார்த்தையில் கேளுங்கள்.

ஒரு சார்ட், முதலிலிருந்து

முதலில் தேதி. ஐசிடி ஆண்டுப் பதிப்பு அக்டோபர் 1-ல் மாறும், ஏப்ரல் 1-லும் சில சேர்க்கை வரும். சிபிடி ஜனவரி 1-ல் மாறும். நீங்கள் கோடு போடும் நாள் கணக்கில் வராது. புறநோயாளிக்குச் சிகிச்சை நடந்த தேதி, உள்நோயாளிக்கு டிஸ்சார்ஜ் தேதி. செப்டம்பர் 30 விசிட்டை அக்டோபர் 5-ல் கோடு செய்தாலும் பழைய பதிப்புதான்.

எலும்பு மருத்துவர் கிளினிக் சார்ட் ஒன்று. பழைய நோயாளி, மெடிகேர். வலது முழங்காலில் ஆஸ்டியோ ஆர்த்ரைடிஸ் (மூட்டுத் தேய்மானம்). ‘திட்டமிட்டபடி இன்று ஊசி’ என்று எழுதி, வலது முழங்கால் மூட்டுக்குள் டிரையம்சினலோன் அசிட்டோனைடு 40 மி.கி. போட்டிருக்கிறார்.

நோய்: எம்17.11. ஊசி போட்ட வேலை: 20610, வலது என்பதற்கு ஆர்டி மாடிஃபயர் (கோடோடு சேர்க்கும் விளக்கக் குறி). அல்ட்ராசவுண்டு பார்த்துக்கொண்டே போட்டு, படத்தைச் சேமித்து, அறிக்கையும் இருந்தால் 20611. ‘அல்ட்ராசவுண்டு உதவியுடன்’ என்று ஒரு வரி மட்டும் இருந்தால் அது போதாது. மருந்து: ஜே3301. இதன் அலகு 10 மி.கி., ஆகவே 40 மி.கி.க்கு 4 யூனிட். ‘ஒரு ஊசி’ என்று 1 யூனிட் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிற தப்பு. முக்கால் பங்கு மருந்துக் காசு கிளினிக்குக்கு நஷ்டமாகிவிடும். ஒற்றை வேளைக் குப்பியாக இருந்து மிச்சமில்லாமல் தீர்ந்திருந்தால் ஜேஇசட் மாடிஃபயர், மிச்சத்தைக் கொட்டியிருந்தால் அந்த அளவுக்குத் தனி வரியில் ஜேடபிள்யூ. பல வேளைக் குப்பிக்கு இரண்டுமே இல்லை. மெடிகேரில் 2023 ஜூலை 1 முதல் ஜேஇசட் கட்டாயம்.

இனி, 99213-25, அதாவது விசிட் கோடும், அது அதே நாளில் நடந்த தனி வேலை என்று காட்டும் மாடிஃபயர் 25-ம் சேர்க்கலாமா? இந்தச் சார்ட்டில் கூடாது. ஊசி ஏற்கெனவே முடிவானது. ஊசிக்கு முன் ‘வலி எப்படி இருக்கிறது’ என்று கேட்டதெல்லாம் 20610-க்குள்ளேயே அடக்கம். அதே நாள் நோயாளி ‘இடது தோளும் வலிக்கிறது’ என்று சொல்லி, டாக்டர் அதைத் தனியாகப் பரிசோதித்து எக்ஸ்ரேக்கு எழுதியிருந்தால் கதை வேறு. அப்போது எம்25.512-ஐக் காட்டி ஈ அண்டு எம் வரும், 25-ம் வரும். மாடிஃபயர் 25 போட்டால் பணம் வருகிறது என்பதற்காக எல்லா ஊசிக்கும் ஒட்டிவிடும் கிளினிக்குகள் ஆடிட்டில் மாட்டுவது இங்கேதான்.

முடிந்ததும் நோயையும் வேலையையும் கோர்த்துப் பாருங்கள். சிஎம்எஸ்-1500 படிவத்தில் 12 நோய்க் கோடு வரை ஏற்றலாம், ஆனால் ஒரு வரிக்குச் சுட்டக்கூடியது 4 மட்டுமே. ஊசி வரி தோள்வலியைச் சுட்டிக்கொண்டிருந்தால் சிஓ-11 டினயல் நிச்சயம்; நோயும் வேலையும் பொருந்தவில்லை என்று இன்சூரன்ஸ் பணத்தை மறுத்துவிடும்.

திரும்பத் திரும்ப விழும் தப்புகள்

சர்க்கரையும் சிறுநீரகமும். டைப் 2 நீரிழிவு, ரத்த அழுத்தம், சிகேடி 3ஏ (நாள்பட்ட சிறுநீரக நோய்), மெட்ஃபார்மின் என்று குறிப்பில் தனித்தனியாக இருக்கும். ‘டாக்டர் தொடர்புபடுத்தவில்லையே’ என்று இ11.9 (சிக்கலில்லாத நீரிழிவு), ஐ10 (வெறும் ரத்த அழுத்தம்) போடுபவர்கள் உண்டு. தவறு. தொடர்பில்லை என்று டாக்டர் எழுதாதவரை விதிமுறையே தொடர்பை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது: இ11.22, ஐ12.9, என்18.31, மாத்திரைக்கு இசட்79.84. இதயச் செயலிழப்பும் இருந்தால் ஐ12 போய் ஐ13 வரும். வாரம் ஒரு ஊசி போடுகிறார் என்றதும் இன்சுலின் என்று இசட்79.4 போட்டுவிடாதீர்கள். செமாக்ளூடைடு போன்ற இன்சுலின் அல்லாத ஊசிக்கு இசட்79.85, 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது.

சந்தேக நோய். ‘நிமோனியாவாக இருக்கலாம்’ என்றால் புறநோயாளிக்கு இருமல், காய்ச்சல் மட்டுமே. உள்நோயாளிக்கு டிஸ்சார்ஜ் குறிப்பிலும் அப்படியே இருந்தால் நிமோனியாவாகவே கோடு செய்யலாம். இரண்டு வகைச் சார்ட்டும் கலந்து வரும் பேட்ச்சில் கை தானாகத் தடுமாறும். வகை பிரித்துவிட்டுத் தொடங்குங்கள்.

எலும்பு முறிவுக் கோடின் ஏழாவது எழுத்து. ‘ஏ’ என்றால் முதல் விசிட் என்று அர்த்தமில்லை, சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். எமர்ஜென்சியில் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் வேறு டாக்டர் ஆபரேஷன் செய்தாலும் ‘ஏ’தான். ஆறும் கட்டத்துச் சோதனைக்கு ‘டி’.

99213-ஆ 99214-ஆ. மெடிக்கல் டிசிஷன் மேக்கிங்கின் (டாக்டரின் முடிவெடுப்பு) மூன்று தூண்களான பிரச்சினை, தரவு, ஆபத்து ஆகியவற்றில் இரண்டு மிதமான நிலையை எட்டினால் 99214. மருந்துப் பட்டியல் ஒட்டியிருப்பது பிரிஸ்கிரிப்ஷன் மேனேஜ்மென்ட் ஆகாது. தொடர்வது, மாற்றுவது, நிறுத்துவது என்று டாக்டரின் முடிவு தெரிய வேண்டும். நேரத்தை வைத்துப் போட்டால் அன்று டாக்டர் செலவிட்டது மொத்தம் 30 நிமிடம் இருக்க வேண்டும். நர்ஸ் எடுத்த நேரம் சேராது.

எச்சிசியில் நோய்ப் பட்டியலை மட்டும் பார்த்துக் கோடு எடுப்பது. கண்காணித்தது, மதிப்பிட்டது, சிகிச்சை கொடுத்தது என்பதற்கு அந்த விசிட்டுக்குள்ளேயே ஆதாரம் வேண்டும். நான்கு வருடம் முன்பு குணமான புற்றுநோய் இன்னும் பட்டியலில் தொங்கிக்கொண்டிருக்கும். அது வரலாற்றுக் கோடு. நடப்பு நோயாகப் போட்டால் அமெரிக்க அரசுக்கு அனுப்பிய பொய்க் கணக்காகிவிடும்.

குறிப்பு புரியாவிட்டால் டாக்டருக்கு க்யூரி (விளக்கம் கேட்கும் கடிதம்) போகட்டும். ‘இது செப்சிஸ்தானே?’ என்று பதிலை வாயில் ஊட்டக் கூடாது. வெள்ளணு எண்ணிக்கை, காய்ச்சல், கொடுத்த ஆன்டிபயாடிக் ஆகியவற்றைக் காட்டி, நோய் என்ன என்று தெளிவுபடுத்தக் கேளுங்கள்.

ஆடிட்டும் டினயலும்

டினயல் எல்லாவற்றையும் கோடர் தலையில் கட்டப் பார்ப்பார்கள். சிஓ-97 என்றால் ஒன்றுக்குள் ஒன்று அடங்கிய வேலை. எந்த இரண்டு கோடுகளைச் சேர்த்துப் போடக் கூடாது என்று சொல்லும் என்சிசிஐ பட்டியலில் அந்த ஜோடியின் குறியீட்டைப் பாருங்கள். 0 என்றால் எந்த மாடிஃபயரும் செல்லாது, 1 என்றால் தகுந்த ஆதாரத்தோடு செல்லும். பட்டியல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும் என்பதால் சிகிச்சைத் தேதிக்கு உரியதைத் திறக்க வேண்டும். சிஓ-4 மாடிஃபயர் பிரச்சினை. சிஓ-11, 97, 4 மூன்றும் பெரும்பாலும் நம் கணக்கு. சிஓ-16 விவரக் குறைவு, சிஓ-29 தாமதம். இந்த இரண்டையும் பில்லிங் பக்கம் தள்ளிவிடலாம், வேலையை நீங்கள் கெடுவுக்குள் கொடுத்திருந்தால்.

ரிபட்டலில் கோபம் வேண்டாம், மூன்று வரி போதும்: சார்ட்டில் எந்தப் பக்கம், அங்கே இருக்கும் வாக்கியம், விதிமுறையின் எந்தப் பிரிவு. ‘நான் எப்போதும் இப்படித்தான் போடுவேன்’ என்பது எந்த ஆடிட்டரிடமும் எடுபடாது.

பில்லும் வெளியேற்றமும்

தினமும் பேட்ச் எண், சார்ட் எண்ணிக்கை, பக்கம், நேரம் இவற்றைச் சொந்த எக்செல்லில் ஏற்றுங்கள். நோயாளி எண் அதில் வரக் கூடாது. மாதக் கடைசியில் அவர்கள் சொல்லும் எண்ணிக்கையோடு மோத இது ஒன்றுதான் கையில் இருக்கும். இந்தியக் கம்பெனி என்றால் டிடிஎஸ் பிடித்தது உங்கள் வருமான வரிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று காலாண்டுக்கு ஒருமுறை பாருங்கள். நேரடி அமெரிக்க வாடிக்கையாளர், நீங்கள் அமெரிக்கர் அல்ல என்று காட்டும் டபிள்யூ-8பென் வரிப் படிவம் கேட்பார், நிரப்பிக் கொடுங்கள். வங்கியிடம் வெளிநாட்டு வரவுச் சான்று வாங்கிக் கோப்பில் போடுங்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு, ஏற்றுமதிச் சேவைக்கு எல்யுடி (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய உறுதிக் கடிதம்) என்று ஆடிட்டரை ஒருமுறை பார்க்க வேண்டிவரும். இவர் சார்ட் ஆடிட்டர் இல்லை, கணக்குப்பிள்ளை ஆடிட்டர்.

புராஜெக்ட் முடியும் நாளில் மூன்று மெயில் வேண்டும்: லாகின் மூடப்பட்டது, உங்களிடம் எந்த ஃபைலும் இல்லை, நிலுவையில் ஆடிட் எதுவும் இல்லை. மூன்றாவது மெயிலைத் தர இழுத்தடித்தால், ரிபட்டல் கெடு முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அந்தத் தேதி தாண்டிய மறுநாள் கடைசி பில்லை அனுப்புங்கள்.