பழைய மலைப் படம் எடுத்த இடத்தைத் தேடிப்பிடிப்பது: மொரீஷியஸின் லெ பூஸ், கோர் தெ கார்ட் மலைகளுக்கு ஒரு கையேடு

பழைய படம் எடுத்த அதே இடத்தில் நின்று இன்று மறுபடி எடுப்பதுதான் வேலை. முதலில் பழைய படம். ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். பசைத்தாளில் பல வருடம் கிடந்த படம் ஓரத்தில் கிழியும். சட்டக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டதோ உருவத்தையே கண்ணாடியில் விட்டுவிட்டு வரும். பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். பூஞ்சை பிடித்திருந்தாலும் ஈரத்துணி வேண்டாம். உருவத்தைத் தாங்கும் ஜெலட்டின் ஈரம் பட்டால் இளகிவிடும். நன்றாக உலர்ந்தபின் மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டால் போதும். 6×9 செ.மீ. படத்துக்கு 1200 டிபிஐ (அங்குலத்துக்கு 1200 புள்ளி) வைத்து, விவரம் இழக்காத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். 300-இல் தூரத்து முகடு குழம்பிப்போகும்; நமக்கு வேண்டியதே அந்த முகடுதான்.

6×9 என்ற அளவும் ஒரு தடயம். பெரும்பாலும் 120 என்ற சுருள் ஃபிலிம் போட்ட கேமராவில் எடுத்து, நெகட்டிவை நேராகத் தாள்மேல் வைத்து அச்சிட்டது. அவற்றின் லென்ஸ் ஏறக்குறைய 105 மி.மீ.; இன்று லென்ஸ்களை ஒப்பிடும் 35 மி.மீ. ஃபிலிம் கணக்கில் அது 45 மி.மீ. போனின் சாதாரண லென்ஸ் அதைவிட அகலமானது, மலையைச் சுருக்கிக் காட்டும். போனின் ஜூமை 2x வையுங்கள். பெட்டிக் கேமராவை இடுப்பருகே பிடித்துக் குனிந்து பார்ப்பார்கள். சமதளத்தில் நிற்பவர்களின் இடுப்பைக் கடலின் அடிவானக் கோடு வெட்டினால், நீங்களும் போனை ஒரு மீட்டர் உயரத்துக்கு இறக்க வேண்டும்.

நெகட்டிவைப் புரட்டி அச்சிட்ட படம் எங்கே நின்றாலும் பொருந்தாது. மலையேறும் முன்பே சட்டைப் பைகளைப் பாருங்கள். எல்லா ஆண்களுக்கும் பை வலது மார்பில் இருந்தால் படம் இடம் வலம் மாறியது.

இனி நிற்கும் இடம். பலர் 812 மீட்டர் லெ பூஸ் உச்சியில் நின்று, பக்கத்து மலையான பீட்டர் போத்தின் தலைப்பாறை தெரிந்ததும் இதுதான் என்று எடுத்துவிடுகிறார்கள். நீங்கள் நூறு அடி நகர்ந்தாலும் தூரத்து மலை அப்படியேதான் தெரியும். கிட்டத்துப் பாறை ஒன்றின் விளிம்பையும் தூரத்து முகட்டையும் ஜோடியாகப் பிடியுங்கள். விளிம்புக்கு வலப்பக்கம் முகடு தள்ளித் தெரிய வேண்டிய அளவு தெரியவில்லையா, வலப்பக்கம் நகருங்கள். அதிகமாகத் தெரிந்தால் இடப்பக்கம். முகடு பாறைக்குமேல் போதிய அளவு எழும்பவில்லை என்றால் கேமராவை உயர்த்துங்கள். முன்னே போவதா பின்னே வருவதா என்பதற்கு, கிட்டத்துக் கற்கள் இரண்டின் இடைவெளியைத் தூரத்து முகடுகள் இரண்டின் இடைவெளியோடு ஒப்பிடுங்கள். கற்களின் இடைவெளி பழைய படத்தைவிடச் சிறிதாகத் தெரிந்தால் முன்னே போங்கள். ஜூம் இதைச் சரிசெய்யாது. இரண்டையும் சேர்த்தே பெரிதாக்கும். மரஞ்செடிகளை நம்பவே வேண்டாம். சீனக் கொய்யா பாதையோரம் புதராக மண்டி, பழைய படத்தில் வெட்டவெளியாக இருந்த இடத்தை மூடியிருக்கும். அதற்காகக் கிளையை வெட்டாதீர்கள், விளிம்பைத் தாண்டியும் கால் வைக்காதீர்கள். மழை பெய்த பாறை வழுக்கும். அந்த இடத்தில் நிற்க முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

நேரத்தை நிழல் சொல்லும். இங்கே வருடத்தில் பெரும்பகுதி மதியச் சூரியன் வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். ஆனால் நவம்பர் கடைசி வாரத்திலிருந்து ஜனவரி 20 வரை சூரியன் தலைக்குமேல் தாண்டித் தெற்கே போய்விடுகிறது. கோர் தெ கார்ட் கோயில் படிகளில் காவடியோடு எடுத்த படத்தில் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடந்தால் ஆச்சரியமில்லை, தைப்பூச காலத்து மதியம் அப்படித்தான். லெ பூஸிலிருந்து போர்ட் லூயி துறைமுகமும் ஷாம் தெ மார்ஸ் குதிரைப் பந்தயத் திடலும் வடமேற்கே. காலையில் வெயில் முதுகுப் பக்கம். மாலையில் லென்ஸுக்குள்ளேயே அடிக்கும், ஊர் மங்கிப்போகும். ஆகவே துறைமுகம் துல்லியமாக விழுந்த படம் என்றால் அநேகமாகக் காலைப் படம்.

புதிய படத்தை எடுத்ததும் ஜிபிஎஸ் எண், கேமரா உயரம், தேதி, மணி நான்கையும் அங்கேயே குறியுங்கள். பழைய படத்தின் முதுகில் எழுத வேண்டுமென்றால் மென்மையான பென்சில், அதுவும் ஓரத்தில். பால்பாயிண்ட் அழுத்தினால் முன்பக்கம் மேடு விழும். பிவிசி உறை வேண்டாம், பாலியஸ்டர் உறையே நல்லது.