பிள்ளைகளை வாசிக்க வைக்கப் போய் நாம் செய்யும் தவறுகள்

நூலகத்திலிருந்து கதைப் புத்தகத்தோடு வீடு திரும்பும் பிள்ளையிடம் நம்மில் பலர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "முடிச்சிட்டியா? எங்க, கதையைச் சொல்லு பார்ப்போம்." சொல்லி முடித்ததும் அடுத்தது: "சரி, இதிலேர்ந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?" அன்போடுதான் கேட்கிறோம். ஆனால் அந்த இரண்டு கேள்விகளில் கதைப் புத்தகமும் பாடப் புத்தகத்தோடு சேர்ந்துவிடுகிறது. அடுத்த முறை அந்தப் பிள்ளை கதைக்குள் போகாது. கேட்டால் என்ன பதில் சொல்வது என்று தேடிக்கொண்டே பக்கங்களைப் புரட்டும்.

பள்ளிகளில் இதற்கென்று நோட்டே போடுகிறார்கள். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், கதைச் சுருக்கம், அறிந்துகொண்ட நீதி என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு கதை பிடித்துவிட்டால் உடனே அடுத்த கதை கைக்குக் கிடைக்க வேண்டும். அந்த நேரத்தில் அதை உட்கார வைத்துச் சுருக்கம் எழுதச் சொல்கிறோம்.

அப்படியானால் படித்ததைப் பற்றிப் பேசவே கூடாதா? தாராளமாகப் பேசலாம். நீங்களும் அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு, "அந்தக் கிழவி அவனை ஏன் வீட்டுக்குள்ள விட்டாள்னு எனக்குப் புரியவே இல்ல" என்று ஆரம்பித்தால் பேச்சு தானாக வளரும். உங்களுக்கே பதில் தெரிந்த கேள்வியைக் கேட்கும்போதுதான் அது பரீட்சையாகிறது. பிள்ளை பேசவில்லையா, விட்டுவிடுங்கள். இரண்டு நாள் கழித்து நீங்கள் அடுப்படியில் வேலையாக இருக்கும்போது அதுவே வந்து சொல்லும். அப்போது கேஸை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

பூட்டிக் கிடக்கும் பீரோ

தமிழ்நாட்டின் பல பள்ளிகளில் நூலகம் என்பது தலைமையாசிரியர் அறையில் இருக்கும் ஓர் இரும்பு பீரோ. நல்ல புத்தகங்கள் உள்ளே இருக்கும், சாவி மேசை இழுப்பறையில் இருக்கும். இதற்கு ஆசிரியர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஒவ்வொரு புத்தகமும் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. மாறுதலாகிப் போகும்போது எண்ணி ஒப்படைக்க வேண்டும், குறைந்தால் பதில் சொல்ல வேண்டும். இப்படி ஒரு பயம் இருக்கும்போது யாராக இருந்தாலும் பூட்டத்தான் செய்வார்கள்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளை எழுதினார். முதல் விதியே 'நூல்கள் பயன்படுத்துவதற்கே' என்பது. அதை விளக்கும்போது, ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களை அலமாரியோடு சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்ததை அவர் நினைவூட்டுகிறார். புத்தகத்தைக் காப்பாற்றுவதுதான் நூலகத்தின் வேலை என்று நினைத்த காலம் அது. அதே 1931 அக்டோபரில் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் ஒரு நடமாடும் நூலகம் கிளம்பி, சுற்று வட்டாரக் கிராமங்களுக்குப் புத்தகங்களைக் கொண்டு போனது. தொடங்கி வைத்தவர் ரங்கநாதன்தான். மண் சாலையில், வெயிலிலும் மழையிலும் புத்தகம் வீணாகிவிடுமே என்று அவர்கள் வண்டியை நிறுத்தி வைக்கவில்லை.

பள்ளிக்கு என் யோசனை இது. பதிவேட்டில் ஏறாத நன்கொடைப் புத்தகங்கள், மெல்லிய விலை மலிவான புத்தகங்கள், பழைய சிறுவர் இதழ்கள் ஆகியவற்றைத் தனியாகச் சேருங்கள். வகுப்பறையில் ஒரு கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். கிழியும், சில வீட்டோடு தங்கிவிடும். தங்கட்டும். அந்த வீட்டில் ஒரு தம்பியோ தங்கையோ இருப்பார்கள். பள்ளிக் கல்வித் துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்கள் இதற்கென்றே செய்தவை. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் வந்தவை, ஒரே மூச்சில் முடித்துவிடலாம். அவற்றையும் கட்டுப் பிரிக்காமல் பீரோவில் அடுக்கி வைத்தால் ஒரு பயனும் இல்லை. நூலகப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுப்பதும் இதே வகைத் தவறுதான்.

"இதெல்லாம் ஒரு புத்தகமா?"

பிள்ளையின் கையில் உள்ள புத்தகத்தைப் பிடுங்கி வைத்துவிட்டு, பொது அறிவுப் புத்தகத்தையோ தலைவர் வரலாற்றையோ எடுத்துத் தரும் பெற்றோரை எந்த நூலகத்திலும் பார்க்கலாம். பேய்க்கதை வேண்டாம், படக்கதை வேண்டாம், துப்பறியும் கதை வேண்டவே வேண்டாம். இவற்றையெல்லாம் கழித்துவிட்டால் அந்த வயதுப் பிள்ளைக்கு மிஞ்சுவது என்ன?

இன்று தமிழில் கனமான நாவல்களைப் படிக்கிற நடுத்தர வயதுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். பலர் 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவையும் 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸையும் சொல்வார்கள், டீக்கடையில் தொங்கிய மாத நாவல்களைச் சொல்வார்கள். பாடப் புத்தகத்துக்குள் காமிக்ஸை மறைத்து வைத்துப் படித்தவர்கள் அவர்கள். பக்கத்தைத் திருப்பும் வேகமும், விட்ட இடத்தில் தொடரும் ஆசையும் அங்கேதான் பழகின. ருசி வந்த பிறகு தரம் தேடி அவர்களே நகர்ந்தார்கள்.

பாதியில் மூடிவிடும் உரிமையையும் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். "எடுத்தா முடிக்கணும்" என்று கட்டாயப்படுத்தினால், அடுத்த முறை எடுக்கவே யோசிப்பார்கள். ஒரே புத்தகத்தை ஏழெட்டுத் தடவை படிக்கிறார்களா, அதையும் தடுக்காதீர்கள்.

எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஏழாம் வகுப்புப் பிள்ளையின் நிலை இன்னும் கடினம். வயதுக்கேற்ற புத்தகம் வாசிக்க வராது. வாசிக்க வருகிற புத்தகத்தைத் தொடக் கூச்சம், வகுப்பே சிரிக்கும். அந்தப் பிள்ளையிடம் இரண்டு படப் புத்தகங்களைக் கொடுத்து, "இதை ஒண்ணாங்கிளாஸ் பசங்களுக்குப் படிச்சுக் காட்டுறியா?" என்று கேளுங்கள். சின்னவர்களுக்காக என்பதால் கூச்சம் போய்விடும், வாசிக்கத் தயாராகும்போது அதற்கும் பழக்கம் வரும். ஆங்கில வழியில் படித்து, தமிழைத் திக்கித் திக்கி வாசிக்கும் பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு வழி வேண்டும். "தாய்மொழி படிக்கத் தெரியலையே" என்று நாலு பேர் முன்னால் சொல்வது அவர்களைத் தமிழிலிருந்து இன்னும் தூரத் தள்ளிவிடும்.

பரிசும் போட்டியும்

'விடுமுறையில் ஐம்பது புத்தகம் படித்தால் கோப்பை' என்று அறிவிப்பது நல்லெண்ணத்தில்தான். ஆனால் 1973-இல் அமெரிக்காவில் மூன்று உளவியலாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வை இங்கே யோசித்துப் பார்க்க வேண்டும். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு முன்னால் சொல்லாமல், வரைந்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. சில நாள் கழித்து, விருப்பப்பட்டதைச் செய்யலாம் என்று விட்டபோது, பரிசுக்காக வரைந்த குழு மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தது. சொல்லாமல் பரிசு பெற்ற குழுவின் ஆசை குறையவில்லை.

அது படம் வரைவது பற்றிய ஆய்வு. ஆனாலும் வாசிப்புப் போட்டிகளில் நடப்பது இதற்கு வெகு தூரத்தில் இல்லை. எண்ணிக்கை முக்கியம் என்றானதும் பிள்ளைகள் ஆக மெல்லிய புத்தகங்களாகப் பொறுக்குகிறார்கள். பரிசு கொடுத்தே ஆக வேண்டுமென்றால் சொல்லாமல் கொடுங்கள், புத்தகமாகவே கொடுங்கள்.

தண்டனையிலும் இதே சிக்கல் உண்டு. செல்போனைப் பிடுங்கிக்கொண்டு "போய் ஏதாவது புக் எடுத்துப் படி" என்றால், புத்தகமும் தண்டனையின் பாகமாகிவிடும்.

எல்லோரும் தேர்வுக்குப் படிக்கும் நூலகம்

மாவட்ட மைய நூலகத்துக்கோ பெரிய கிளை நூலகத்துக்கோ பகலில் போனால் இளைஞர்கள் நிறைந்திருப்பார்கள். டிஎன்பிஎஸ்சி, காவலர் தேர்வு, வங்கித் தேர்வு. வீட்டில் தனியாக உட்கார இடமில்லாதவர்களுக்கு அந்த மேசையும் மின்விசிறியும் பெரிய ஆதரவு. அதைக் குறைக்கவே கூடாது. ஆனால் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, இளைஞர்களிடம் வாசிப்பு செழிக்கிறது என்று முடிவுகட்டுவது தவறு. தேர்வு முடிந்த மறுநாள் அவர்களில் எத்தனை பேர் ஒரு கதையையோ பயண நூலையோ தேடி உள்ளே வருவார்கள் என்று நூலகர்கள் கவனிக்க வேண்டும்.

தேர்வுக்காரர்களுக்குத் தேவையான அமைதி சிறுவர் பகுதியை விழுங்கிவிடுவதும் நடக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளை சத்தம் போட்டுத்தான் படிக்கும், சிரிக்கும், பக்கத்திலிருப்பவரிடம் படத்தைக் காட்டும். "ஷ்ஷ்" என்று ஒருமுறை அதட்டினால் அது நூலகத்தையே பயத்தோடு நினைத்துக்கொள்ளும். 2010-இல் திறந்த சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கு ஒரு தனிப் பகுதியும், சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பவர்களுக்கு வேறொரு பகுதியும் உண்டு. மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர்களுக்குத் தனி இடம் இருக்கிறது. ஒற்றை அறைக் கிளை நூலகத்தில் அது முடியாது. ஆனால் ஞாயிறு காலையில் வராந்தாவில் ஒரு பாய் விரித்து, ஒரு மணி நேரம் யாராவது கதை வாசிக்கலாம். வாசகர் வட்டம் இருக்கிற ஊரில் இதற்கு ஆளும் கிடைக்கும்.

கதை வாசித்துக் காட்டுவது என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். பிள்ளை தானாக எழுத்துக்கூட்டத் தொடங்கியதும் பெரும்பாலான வீடுகளில் நாம் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடுகிறோம். பத்து, பன்னிரண்டு வயது வரைக்கும் தொடரலாம். தானாக வாசித்தால் புரியாத கதையும் காதால் கேட்கும்போது பிடிபடும்.

தொலைத்துவிடுவான் என்ற பயம்

உறுப்பினர் அட்டை அப்பா பெயரில் இருந்தால் போதாது. பிள்ளையின் பெயரிலேயே எடுங்கள். தாமதமாகும், மழையில் நனையும், ஒன்றிரண்டு தொலையும். தொலைத்தால் விலையைக் கட்டிவிடலாம். அதற்காக வீட்டில் பெரிய விசாரணை நடத்தாதீர்கள். நியூயார்க் நகரின் மூன்று பொது நூலக அமைப்புகளும் 2021 அக்டோபரில் தாமதக் கட்டணத்தையே எடுத்துவிட்டன. அபராத பாக்கியால் புத்தகம் எடுக்க முடியாமல் சுமார் 4 லட்சம் பேர் அப்போது நின்றுபோயிருந்தார்கள். சில ரூபாய் அபராதத்துக்குப் பயந்து வாசகரை இழப்பது யாருக்கும் லாபமில்லை.

இன்னொன்றும் பலர் கவனிப்பதில்லை. 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது, இன்றைக்கு ரூபாய்க்கு 10 காசு. வீட்டுக்காரர் கட்டிய பணத்தில் வாங்கிய புத்தகங்கள்தான் அந்த அலமாரியில் இருப்பவை. பிள்ளை கேட்கும் புத்தகம் அங்கே இல்லையென்றால் தயங்காமல் நூலகரிடம் பெயரை எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். கேட்பதைப் பிள்ளையே கேட்டால் இன்னும் நல்லது. பல கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். நேரம் ஊருக்கு ஊர் மாறும், ஒரு முறை விசாரித்துக்கொண்டு போங்கள்.